வழக்கின் முதல் நாள்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இவ்வவையில் யாம் இதற்குமுன் பேசியன எல்லாம் இலக்கியம் பற்றியனவே. இம்முறை காரியதரிசியவர்கள், "இலக்கியம் ஒரு மாதம் பொறுத்திருக்கட்டும், போலீசு, கோர்ட்டு என்ற சொற்களைக் கேட்டாலே நம்மவர் நடுங்குகின்றனர், அவற்றைப் பற்றித் தமிழிலே விளங்கச் சொல்லுங்கள்" என்று பணித்தனர். யாம் வழக்கறிஞர் அல்லேம். ஆயினும், பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் மனு எழுதிக்கொள்ள வருவோர் இன்றும் குறைந்தாரல்லர். அத்தகைய மனுக்களை எழுதியும், எழுதுவித்தாரோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உடன் சென்றும், சட்ட நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம். தத்தம் வழக்கிற்குத் தத்தம் வக்கீலைக் கேட்டல் வேண்டுமென்பது சொல்லாமலே விளங்கும்.

முதற்கண் ஒரு செய்தி. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நம் நாட்டுக் குற்றவியற் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்திற் பாரதீய நியாய சன்ஹிதாவும், 1973-ஆம் ஆண்டு குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்திற் பாரதீய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவும், 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் இடத்திற் பாரதீய சாட்சிய அதினியமும் வந்துள்ளன. இப்பெயர்கள் தமிழ் நாவிற்கு எளிதில் அமைவன அல்ல. அவ்வழக்கை வேறொரு நாள் பேசுவோம். இன்று அவற்றைத் தண்டனைச் சட்டம், நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் என்றே வழங்குவோம். பிரிவு எண்களும் மாறின. கொலைக்குரிய 302 இப்போது 103 ஆயிற்று. ஏமாற்றுவானை 'நானூற்றிருபது' என்று ஏசிப் பழகியோர் இனி 'முந்நூற்றுப் பதினெட்டு' என்று ஏசக் கற்றல் வேண்டும். எனினும், எண் மாறினவே அன்றி, எளியவன் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகள் பெரிதும் மாறவில்லை. 2024 ஜூலைக்கு முன் நிகழ்ந்த குற்றத்திற்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதையும் மனத்திற் கொள்க.

இனிப் பொருளுக்கு வருவோம். எம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர், கோயில் திருவிழாவில் எழுந்த கைகலப்பிலே இடச்செவியில் அறை பட்டார். குருதி சிறிதே வந்தமையால் மருத்துவமனைக்குப் போகவில்லை. மறுநாள் நிலையத்தில் மனுக் கொடுத்து, ஒரு ரசீதும் பெற்று வந்தார். அன்று மாலையே ஊர்ப் பெரியவர் இருவர் இரு திறத்தாரையும் ஒரு திண்ணையில் இருத்தி, மூவாயிரம் ரூபாய் வாங்கிக் கொடுத்து, கைகுலுக்கச் செய்து அனுப்பினர். இரண்டு திங்களிற் செவியின் கேள்வி குன்றியது. பின் அற்றே போயிற்று. பதினான்கு மாதம் கழித்து அவர் எம்மிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கிழிந்த அந்த ரசீதை எடுத்து நீட்டி, "ஐயா, என் வழக்கு எந்த நிலையில் இருக்கிறதென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். வழக்கு என்று ஒன்று எங்கும் இருக்கவில்லை.

அவர் கையில் இருந்தது நம் தமிழ்நாட்டு நிலையங்களிற் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அஃது ஒப்புகை, அவ்வளவே. வழக்குப் பதிவு என்பது முதல் தகவல் அறிக்கையாகும். எப்.ஐ.ஆர். என்று வழங்கும் அவ்வறிக்கையிற் குற்ற எண் இருக்கும். சட்டப் பிரிவுகள் குறிக்கப்பட்டிருக்கும். அதன் படி ஒன்று நடுவர் நீதிமன்றத்திற்குப் போகும். தகவல் கொடுத்தார்க்கும் பாதிக்கப்பட்டார்க்கும் அதன் படியை விலையின்றித் தருதல் வேண்டுமென்பது நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு. கையில் உள்ள தாளிற் குற்ற எண்ணும் பிரிவும் இல்லையாயின், வழக்கு இல்லை என்றே கொள்க. நம் வீடுகளில் எத்துணைப் பேர் அந்த ரசீதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வழக்கு நடக்கிறதென்று நம்பியிருக்கின்றனரோ, அறியோம்.

போலீசார் ஏன் ரசீதோடு நிறுத்தினர்? இதற்கு ஒரு காரணம் உண்டு. குற்றங்களைச் சட்டம் இரு கூறாக்கும். நடுவரின் ஆணையை எதிர்பாராது போலீசார் தாமே பதிந்து புலனாயத் தக்கன ஒரு கூறு. கொலை, கொள்ளை, திருட்டு, கற்பழிப்பு போல்வன. மற்றையது, நடுவர் ஆணையிட்டாலன்றிப் புலனாய்வு செய்யலாகாதது. முன்னதைப் பிடிக்கத்தக்க குற்றம் என்றும் பின்னதைப் பிடிக்கத்தகாக் குற்றம் என்றும் தமிழிற் சொல்வர். ஒருவரை அடித்து நோவு செய்தல் 'சாதாரணக் காயம்' ஆயின், அஃது ஓராண்டு வரை சிறைக்குரியது, பிடிக்கத்தகாதது. 'கொடுங்காயம்' ஆயின் ஏழாண்டு வரை சிறைக்குரியது, பிடிக்கத்தக்கது. ஒரே அறை, விளைவால் இரு வேறு வழக்கு.

கொடுங்காயம் எது என்பதை எவருடைய ஊகத்துக்கும் விடாது தண்டனைச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு வரையறுத்துள்ளது. ஒரு கண்ணின் ஒளி நிலையாய்ப் போதல், ஒரு செவியின் கேள்வி நிலையாய்ப் போதல், உறுப்போ மூட்டோ இழத்தல், முகம் நிலையாய் உருக்கெடுதல், எலும்போ பல்லோ முறிதல் அல்லது பிறழ்தல், உயிருக்கு இடர் செய்யும் காயம், பதினைந்து நாள் கடும் நோவிற் கிடத்தல் அல்லது அன்றாடத் தொழில் செய்ய இயலாதிருத்தல் முதலியன அதன்பாற்படும். பழைய சட்டத்தில் இவ்விறுதிக் கணக்கு இருபது நாள், இப்போது பதினைந்து. ஆகவே, ஒரு பல் ஆடி விழுந்தாலும் அது சிறு காரியம் அன்று. இதனை நிலைநாட்டுவது மருத்துவர் தரும் காயச் சான்று. அரசு மருத்துவமனைக்கு அன்றே சென்று, "அடிபட்டேன்" என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டிற் குறிப்பர். யார், எதனால், எப்போது அடித்தார் என்று காயம்பட்டார் சொன்னதையும் அதில் எழுதுவர். அவ்வொரு வரி பின்னர் நீதிமன்றத்தில் நூறு வாய்ச்சொற்களினும் வலியுடையதாகும். எம் மாணாக்கர் அன்று போயிருந்தால், செவிப்பறை கிழிந்தமை அப்போதே எழுத்தில் ஏறியிருக்கும். பதினான்கு மாதத்தின் பின் காட்டும் செவிடு, அன்றைய அறையால் வந்தது என்று யார் சொல்ல வல்லார்?

கால எல்லையும் ஒன்று உண்டு. ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றத்தை ஓராண்டு கடந்தபின் நீதிமன்றம் பொதுவாக ஏற்காது. மூன்றாண்டு வரை சிறைக்குரியதாயின் எல்லை மூன்றாண்டு. அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்கு எல்லை இல்லை. எனவே அவ்விளைஞர்க்குச் சாதாரணக் காய வழக்குக் காலத்தால் அற்றது. கொடுங்காய வழக்குச் சான்றின்மையால் நலிந்தது. மூவாயிரம் ரூபாயே எஞ்சியது, அதுவும் செலவாகிவிட்டது.

புகார் எழுதுவது எங்ஙனம் என்பது எமக்குச் சிறிது உரிமையுள்ள பகுதியாதலின் அதனை விரித்துக் கூறுவோம். கட்டுரை எழுதும் மாணவர்க்கு அணி வேண்டும். புகார் எழுதுவார்க்கு அணி வேண்டா. "கொலைவெறி பிடித்த கொடியோர் மூர்க்கத்தனமாய்ப் பாய்ந்து" என்று எழுதுவதனால் வழக்கு வலுக்காது. இன்ன நாள், இன்ன மணியளவில், இன்ன இடத்தில், இன்னார் இன்ன கையால் அல்லது இன்ன கருவியால் என் உடம்பின் இன்ன இடத்தில் அடித்தார். அருகில் இன்னார் இருந்து கண்டனர். பின் இன்ன மருத்துவமனைக்குப் போனேன். இவ்வளவே உயிர். காலந் தாழ்த்துப் புகார் கொடுத்தால், தாழ்த்தமைக்குக் காரணத்தையும் அதிலேயே எழுதுக. எழுதாவிடின், அவ்விடைவெளியிற் கதை புனைந்தனர் என்று எதிர்க்கட்சி வக்கீல் சொல்ல இடமாகும். அறியாத பெயரை எழுதற்க. 'பெயர் அறியேன், கண்டால் அடையாளம் சொல்வேன்' என்று எழுதுக.

நம்மவரிடத்துள்ள ஒரு பழக்கத்தையும் இங்கே கடிந்து கூறவேண்டும். அடித்தவன் ஒருவன் ஆயின், அவன் தந்தை, அண்ணன், மைத்துனன் ஆகிய மூவர் பெயரையும் சேர்த்தாலன்றி மனம் அமைவதில்லை. அன்று வெளியூரில் இருந்த அண்ணனின் பேருந்துச் சீட்டு ஒன்று வெளிப்பட்டால், உண்மையிலே அடித்த தம்பியும் அதனோடு தப்புவான். மேலும், தீங்கு செய்யும் நோக்கோடு பொய்க் குற்றம் சாட்டுதல் தானே தண்டனைக்குரிய குற்றம். முதல் தகவல் அறிக்கை எல்லாவற்றையும் அடக்கிய களஞ்சியமாதல் வேண்டா என்று நீதிமன்றங்கள் கூறுகின்றன. ஆயினும் தலையாய செய்தி அதில் விடுபட்டுப் பின்னர் முளைத்தால் ஐயுறவு தோன்றுதல் இயல்பே.

நிலையத்தில் "இது எங்கள் எல்லை அன்று" என்று திருப்பினால், அது சட்டத்துக்கு ஒவ்வாது. எந்நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும். மின்னஞ்சல் முதலிய மின்வழியாகவும் அனுப்பலாம். அனுப்பியவர் மூன்று நாளுக்குள் நேரிற் சென்று கையொப்பமிடல் வேண்டும். பிடிக்கத்தக்க குற்றம் தகவலில் வெளிப்படின் பதிவு செய்தே ஆகவேண்டுமென்று 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய ஆயம் தீர்த்துரைத்தது. புதிய சட்டம் இதில் ஒரு சிறு வாயில் திறந்துள்ளது: மூன்றாண்டும் அதற்கு மேலும், ஆனால் ஏழாண்டுக்குக் குறைந்தும் தண்டனையுள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் இசைவோடு பதினான்கு நாளுக்குள் முதனிலை விசாரணை செய்து முடிவு காணலாம். நிலையத்தில் மறுத்தால், அப்புகாரை எழுத்து மூலமாகத் தபாலில் மாவட்டக் காவற் கண்காணிப்பாளர்க்கு அனுப்புக. பதிவுத் தபாலின் ரசீதைப் போற்றி வைக்க. அதற்கும் பயன் இல்லையாயின், பிரமாணப் பத்திரத்தோடு நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். இம்மூன்று படியும் ஏறாமல், நிலையத்து வாயிலிலேயே நின்று சினந்து திரும்புதல் பயனற்றது.

நிற்க. வழக்கு நம்மேல் வந்தாலோ?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவித்துக் கொள்வோம். நம் நிலையங்களிலும் கீழ் நீதிமன்றங்களிலும் குற்றஞ்சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று எழுதுவது மரபு. இதைக் கண்டு, "அரசாங்கமே என் பிள்ளையை எதிரி என்று எழுதிவிட்டதே" என்று அழுத தாயொருவரை யாம் கண்டோம். அச்சொல்லுக்கு அவ்விடத்து எதிர்த்திறத்தார் என்பதே பொருள்; பகைவர் என்பதன்று. குற்றவாளி என்பது தீர்ப்பிற்குப் பின்னரே வரும் பெயர்.

ஏழாண்டுக்கு மேற்படாத தண்டனையுள்ள குற்றங்களில், பெயர் எழுதப்பட்டதனாலேயே பிடித்துக்கொண்டு போதல் முறையன்று. 2014-இல் உச்ச நீதிமன்றம் இதனை வற்புறுத்திற்று. வந்து நிற்குமாறு எழுத்திலே அறிவிப்புத் தந்து அழைத்தல் வேண்டும். அவ்வறிவிப்பிற்கு இணங்கி நடப்பாரைக் காரணம் எழுதாமற் கைது செய்யலாகாது. அறிவிப்பைக் கண்டு உறவினர் வீட்டிற்கு ஓடி ஒளிவோர் தம் கையாலேயே கைதுக்குக் காரணம் எழுதித் தருகின்றனர். வக்கீலோடு சென்று நின்று, சென்ற நாளைக் குறித்து வைக்க.

கைது நேர்ந்தால், கைதுக் குறிப்பு ஒன்று எழுதப்பட வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ அவ்விடத்து மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சியாக ஒப்பமிடல் வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த இவ்விதிகள் இப்போது சட்டத்திலேயே ஏறியுள்ளன. கைதின் காரணத்தைச் சொல்லல் வேண்டும். உறவினர்க்கோ நண்பர்க்கோ அறிவித்தல் வேண்டும். மருத்துவர் பார்த்தல் வேண்டும். விசாரணையின்போது வக்கீலைக் காணவும் உரிமையுண்டு, முழு நேரமும் உடனிருத்தல் இல்லையாயினும். பெண்களைச் சூரியன் மறைந்தபின்னும் உதிக்குமுன்னும், தவிர்க்கலாகாக் காரணத்தோடு நடுவரின் முன் இசைவு பெற்றாலன்றிக் கைது செய்தலாகாது. சாட்சியாகக் கேட்க வேண்டுமெனினும் பெண்டிரையும், பதினைந்து வயதுக்குக் குறைந்த சிறுவரையும், அறுபது கடந்த முதியோரையும், உடற்குறை மனக்குறையுடையாரையும், கடும் நோயுற்றாரையும் நிலையத்துக்கு வருமாறு கட்டாயப்படுத்தலாகாது. அவர் வீட்டிற்கே வந்து கேட்டல் வேண்டும். தாய்மார்கள் இதனை நினைவிற் கொள்க.

கையொப்பம் பற்றி ஒன்று. புலனாய்வில் போலீசார் சாட்சிகளை விசாரித்து எழுதும் வாக்குமூலத்திற் சொன்னவர் கையொப்பம் இடுதல் கூடாது என்றே சட்டம் கூறுகிறது. நம்மவரோ, "கையெழுத்துப் போட்டால் விடுவர்" என்று வெற்றுத் தாளிலும் இட்டு வருகின்றனர். புகாரிலும், கைதுக் குறிப்பிலும், பொருள் கைப்பற்றிய பட்டியிலும் ஒப்பம் வேண்டும். ஆனால் படித்துப் பார்த்து இட வேண்டும். வெற்றுத் தாளில் எவர் கேட்பினும் இடவேண்டா. போலீசாரிடம் செய்த குற்ற ஒப்புதல் சாட்சியம் ஆகாது; அதன் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அக்கண்டெடுப்பைச் சார்ந்த பகுதி மட்டும் செல்லும். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தலாகாதென்பது அரசியலமைப்பின் 20-ஆம் உறுப்பு தரும் காப்பு.

வழிச்செலவுப் பொழுது நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்துதல் வேண்டும். இங்கே நம் பிள்ளைகள் செய்யும் பிழை பெரிது. நடுவர், "துன்புறுத்தினார்களா?" என்று கேட்கும்போது, பின்னால் நிற்பவரைப் பார்த்துவிட்டு "இல்லை" என்கின்றனர். அடி பட்டிருந்தால் அப்போதே, அங்கேயே சொல்லல் வேண்டும். வக்கீல் இல்லை என்பதையும் அப்போதே சொல்லல் வேண்டும். அரசுச் செலவில் வக்கீல் அமர்த்தப்படுவார். பின்னர்ச் சிறைக் காவல் நீட்டிக்கப்படும் நாட்களை வீட்டார் நாட்காட்டியிற் குறித்து வருக. மரணம், ஆயுட் சிறை, பத்தாண்டும் மேலும் சிறை ஆகியவற்றிற்குரிய குற்றங்களில் 90 நாளும், பிறவற்றில் 60 நாளும் கடந்தும் போலீசார் இறுதி அறிக்கை தாக்கல் செய்யாராயின், ஜாமீன் பெறுதல் உரிமையாகும். ஆனால் கேட்டாலே கிடைக்கும். கேட்பதற்குள் அறிக்கை வந்துவிட்டால் அவ்வுரிமை கழிந்து போம். 61-ஆம் நாட்காலை மனுவோடு நிற்பவர் வீட்டுக்கு வருவார். அடுத்த வாரம் பார்ப்போம் என்றிருப்பவர் உள்ளேயே இருப்பார்.

ஜாமீன் பற்றி இரண்டே சொல். சில குற்றங்களில் ஜாமீன் உரிமை. அதனை நிலையத்திலேயே தரலாம். பிறவற்றில் அது நீதிமன்றத்தின் விருப்பு. உரிமையான வழக்கிற் பிணையதாரர் கிடைக்காது ஒருவார காலம் கடந்தால், அவரை வறியவர் எனக் கொண்டு சொந்தப் பத்திரத்திலேயே விடுதல் வேண்டும் என்பது சட்டம். வறுமையாற் சிறையிற் கிடத்தல் சட்டத்தின் கருத்தன்று.

விசாரணையின் படிகளை விரைந்து சொல்லிவிடுவோம். இறுதி அறிக்கை வந்தபின் அதன் படிகளும் சாட்சிகளின் வாக்குமூலப் படிகளும் எதிரிக்கு விலையின்றித் தரப்படும். பெருங்குற்றமாயின் நடுவர் அதனை அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைப்பார். குற்றச்சாட்டு வனையப்பட்டு, "ஒப்புகின்றாயா?" என்று கேட்கப்படும். அரசுத் தரப்புச் சாட்சிகள் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் செய்யப்படுவர். பின்னர், சாட்சியத்தில் தனக்கு மாறாக உள்ளவற்றிற்கு எதிரி என்ன விளக்கம் கூறுகின்றார் என்று நீதிபதி தாமே கேட்பார். எதிர்த்தரப்புச் சாட்சி இருப்பின் அவரும் வருவர். வாதம் நிகழும், தீர்ப்பு வரும். இடையில் எத்தனை வாய்தா என்பதை எவராலும் சொல்லவியலாது.

நீதிபதி எதிரியை நேரே கேட்கும் அந்தப் படியைப் பலர் வெறுஞ் சடங்கென்று நினைக்கின்றனர். சிலப்பதிகாரம் படித்தார் அங்ஙனம் நினையார். பாண்டியன் அவையிற் கோவலனை எவரும் கேட்கவில்லை. பொற்கொல்லன் சொல் ஒன்றே சாட்சியாயிற்று. களவுபோன சிலம்பின் பரல் முத்து, கையிற் கிடைத்த சிலம்பின் பரல் மாணிக்கம் என்னும் ஒரு வினாடிச் சோதனை, தண்டம் நிறைவேறியபின் மனைவி வந்து கேட்டபோதே நிகழ்ந்தது. கைப்பற்றிய பொருளை உரியவர்முன் காட்டி அடையாளங் காணல், எதிரியின் விளக்கம் கேட்டல் ஆகிய இரண்டே அங்கே விடுபட்டவை. நம் நீதிமன்றங்களின் தாமதத்தை நொந்துகொள்ளும்போது யாம் அதனையும் எண்ணுவதுண்டு.

சாட்சி சொல்லப் போவார்க்கும் ஒரு சொல். பழந்தமிழிற் சாட்சிக்குக் 'கரி' என்பது பெயர். கண்டதைச் சொல்க, காணாததை, "காணவில்லை" என்க, மறந்ததை, "நினைவில்லை" என்க. குறுக்கு விசாரணையில் வக்கீல் உரத்துப் பேசுவது அவர் தொழில். அதற்குச் சினந்து ஒன்றைக் கூட்டிச் சொன்னால் அக்கூட்டே வழக்கைக் கெடுக்கும். சாட்சிக்குப் போக்குவரத்துச் செலவு கேட்டுப் பெற வழியுண்டு. அச்சுறுத்தல் இருப்பின் காப்புக் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒப்பிய சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்று உள்ளது.

இனிச் சொல்லப் போவது, இவ்வவையிற் சிலர்க்கு உவப்பாயிராது. திண்ணைச் சமரசத்தைப் பற்றியது அது.

நம் சங்கம் பல வீட்டுப் பூசல்களைத் தீர்த்து வைத்துள்ளது. வரப்புத் தகராறும் கடன் தகராறும் நம் பெரியோர் சொல்லாற் கோர்ட்டுப் படி ஏறாது முடிந்தமை நன்றே. குற்ற வழக்கிலும் சட்டம் சமரசத்தை முற்றும் வெறுப்பதன்று. நடைமுறைச் சட்டத்தின் 359-ஆம் பிரிவிலே இரண்டு பட்டியல்கள் உள்ளன. சாதாரணக் காயம், வழிமறித்தல், அத்துமீறி நுழைதல், அவதூறு போல்வன பாதிக்கப்பட்டவரே இசைந்து தீர்த்துக்கொள்ளத் தக்கன. கொடுங்காயம் முதலிய சில, நீதிமன்றத்தின் இசைவோடு தீரத் தக்கன. அங்ஙனம் முறைப்படி தீர்ந்தால், எதிரி விடுதலையானமைக்கு ஒப்பாகும். ஆனால் காண்க: இசைய வேண்டியவர் அடிபட்டவர், அவர் மாமனோ ஊர்த் தலைவரோ சங்கத் தலைவரோ அல்லர். இசைவு நீதிமன்றத்து ஏட்டில் ஏற வேண்டும்; திண்ணையில் அன்று.

அப்பட்டியலில் இல்லாத குற்றத்தைச் சமரசம் செய்ய நீதிமன்றத்தில் எவர்க்கும் வழியில்லை. குடும்பத் தகராறு, பணத் தகராறு போல்வனவற்றில் உயர் நீதிமன்றம் தன் சிறப்பதிகாரத்தால் வழக்கை நீக்குவதுண்டு; கொலை, கற்பழிப்பு, கொள்ளை போன்ற கொடுங்குற்றங்களை அங்ஙனம் நீக்கலாகாதென்று 2012-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. பணம் வாங்கிக்கொண்டு அத்தகைய குற்றத்தை மறைப்பாரும் தண்டனைக்குரியர். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உள்ளது: கொள்ளையிட்டவன் பொருளின் விலையைத் திருப்பித் தருவதாகவும், மற்றவன் வழக்கைக் கைவிடுவதாகவும் செய்துகொண்ட உடன்பாடு செல்லாது. ஆகவே முத்திரைத் தாளில் எழுதி இரு பெரியோர் ஒப்பமிட்டாலும் அத்தாள் தாளே.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், பாலியல் தீங்கு நேர்ந்ததை அறிந்தவர் எவராயினும் போலீசார்க்குத் தெரிவித்தல் கடமை என்று 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் கூறுகிறது. தெரிவியாது விடுதல் ஆறு மாதம் வரை சிறைக்குரியது. 'குடும்ப மானம்', 'ஊர்ப் பெயர்' என்று சொல்லி அப்பிள்ளையின் பெற்றோரை அமர்த்தி அனுப்பும் பெரியவர், தாம் அமைதி செய்ததாக எண்ணுகிறார். சட்டம் அவரையே நிறுத்திக் கேட்கும். சட்டம் கேளாதொழியினும், அப்பிள்ளை நாளும் அத்தெருவிலேயே அவனைக் கண்டு நடந்து பள்ளிக்கு வருகிறது. ஆசிரியராகிய எங்கட்கு அம்முகங்கள் தெரியும்.

இன்னொன்று. வேற்றுச் சாதியார் நம்மவர்மீது கொடுத்த புகாரில், நம்மவர் ஐம்பதின்மர் திரண்டு சென்று, "வழக்கை வாங்கு" என்று அவர் வாயிலில் நிற்றல் சமரசம் அன்று. பொய்ச் சாட்சி சொல்லுமாறு ஒருவரை அச்சுறுத்துதல் தனியொரு குற்றம். ஒரு பையனோடு முடிய வேண்டிய வழக்கில் ஐம்பதின்மர் எதிரிகளாவர். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்து வழக்கில் முன்ஜாமீனுக்குத் தடை உண்டென்பதையும் இளைஞர்கள் அறிக. சாதி மாறி மணந்தாரை விசாரித்துத் தண்டிக்கும் கட்டப் பஞ்சாயத்துக்கள் முற்றிலும் சட்டத்திற்கு மாறானவை என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றிலே, 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

அற்றேல், சங்கத்திற்கு இதில் வேலை இல்லையோ எனின், மிகவும் உண்டு. அடிபட்டவரை அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு வண்டி வேண்டும். நிலையத்திற்கு உடன்சென்று குற்ற எண் உள்ள படியைக் கேட்டு வாங்க எழுத்தறிந்த ஒருவர் வேண்டும். 60 நாளையும் 90 நாளையும் எண்ண ஒருவர் வேண்டும். கைதுக் குறிப்பிற் சாட்சியாக நிற்க மதிப்புள்ள ஒருவர் வேண்டும். தீர்ப்புச் சொல்லும் பெரியவரை விட, இவ்வாறு உடன்செல்லும் பெரியவரே நமக்கு இப்போது பற்றாக்குறை. காரியதரிசியவர்கள் இதற்கென நால்வரைக் குறிப்பாராயின், அவர்க்கு வேண்டிய மாதிரி மனுக்களை எழுதித்தர யாம் இசைகின்றோம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று பின்வாங்குவார்க்கு: 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்டிர், சிறுவர், பட்டியலினத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனுடையார், காவலில் உள்ளார் ஆகியோர்க்கு வருவாய்க் கணக்குப் பாராமலே இலவச வக்கீல் உதவி உண்டு, ஏனையோர்க்கு வருவாய் வரம்பிற்கு உட்பட்டு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் வட்ட நீதிமன்றங்களிலும் அவ்வலுவலகங்கள் உள்ளன. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். குற்றத்தாற் கெட்ட குடும்பத்திற்கு இழப்பீடு பெறுதற்கும் அங்கேயே மனுக் கொடுக்கலாம்.

தீர்ப்பு மாறாக வந்தால், சிறைத்தண்டனை பெற்றவர்க்குத் தீர்ப்பின் படி உடனே விலையின்றித் தரப்படும். நடுவர் தண்டித்தால் அமர்வு நீதிமன்றத்தில் 30 நாளுக்குள்ளும், அமர்வு நீதிமன்றம் தண்டித்தால் உயர் நீதிமன்றத்தில் 60 நாளுக்குள்ளும் மேல்முறையீடு செய்தல் வேண்டும். மரண தண்டனையாயின் 30 நாளே. எதிரி விடுதலையானால், பாதிக்கப்பட்டவரும் மேல்முறையீடு செய்யலாம்; இவ்வுரிமை 2009-ஆம் ஆண்டின் இறுதி நாளன்றே நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. நாட்கணக்குத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து தொடங்கும். படி பெறுதற்குச் சென்ற நாட்கள் கழிக்கப்படும். ஆதலின் படிக்கு மனுச் செய்த நாள், படி ஆயத்தமான நாள் ஆகிய இரண்டும் அப்படியின் பின்புறத்து முத்திரையில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குக.